டெஃப்லான் பெல்ட்டும் அதன் ஜாயின்ட்டும்: அறிகுறி பார்த்துப் பழுது பிடிப்பது

காலருக்குக் கேன்வாஸ் ஒட்டும் ஃப்யூசிங் மெஷின், டி-ஷர்ட் பிரின்ட்டைக் காயவைக்கும் ஓவன், தண்ணீர் பாட்டில் கட்டும் ஸ்ரிங்க் டன்னல், சப்பாத்தி லைன். கிண்டி, அம்பத்தூர், திருமுடிவாக்கம் பக்கம் எந்த ஷெட்டில் நுழைந்தாலும் இவற்றில் ஒன்றாவது ஓடிக்கொண்டிருக்கும். நான்கிலும் ஓடும் பெல்ட் ஒரே இனம்: கண்ணாடி நூல் துணியின் மேல் டெஃப்லான் ஏற்றியது. சிலவற்றில் தாள் போல மூடிய துணி, சிலவற்றில் 4 மி.மீ. கண் விட்ட மெஷ்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பெல்ட் நீளாது. ரப்பர் பெல்ட்டில் கைப்பழக்கம் உள்ள ஃபிட்டர், என்ன கோளாறு என்றாலும் முதலில் டேக்-அப் போல்ட்டை (ரோலரை நகர்த்திப் பெல்ட்டை விறைப்பாக்கும் போல்ட்) இறுக்குவார். ரப்பர் அதைத் தாங்கும். கண்ணாடி நூல் தாங்காது. எங்கே பலவீனமோ அங்கே விடும், பெரும்பாலும் ஜாயின்ட்டில். கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் அந்த ஸ்பானரிலிருந்து தொடங்குபவை.

கை வைப்பதற்கு முன்

ஹீட்டரை முதலில் நிறுத்துங்கள், பெல்ட்டை நிறுத்தாதீர்கள். டிஸ்ப்ளேயில் 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை பெல்ட் ஓடட்டும். பிறகு மெயின் ஐசொலேட்டரை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் பட்டனில் பேப்பர் ஒட்டுவது பூட்டு ஆகாது. அறுந்த துணியிலிருந்து கண்ணாடித் தூசி வரும். முழுக்கை, கையுறை, முகக்கவசம் மூன்றும் வேண்டும். இல்லையென்றால் இரவெல்லாம் அரிக்கும்.

எடுத்து வைக்க வேண்டியவை: ஸ்டீல் டேப், ரசமட்டம், மூலைமட்டம், கொத்தனார் நூல், சாக்பீஸ், வெர்னியர்.

அறிகுறி 1: பெல்ட் ஒரு பக்கமாக ஓடுகிறது

ஸ்பானரை எடுக்காமல் முதலில் பத்துச் சுற்று பாருங்கள். பெல்ட் ஓரத்தில் ஜாயின்ட்டுக்கு நேராக ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். கேள்வி ஒன்றுதான்: விலகல் மெஷினில் ஓர் இடத்தோடு ஒட்டி இருக்கிறதா, பெல்ட்டில் ஓர் இடத்தோடு ஒட்டி இருக்கிறதா?

*1அ. பெல்ட்டின் எந்தப் பகுதி வந்தாலும் ஒரே ரோலரிடம் விலகுகிறது*

குற்றவாளி அந்த ரோலர், அல்லது அதற்கு முந்தைய ரோலர். பெல்ட் மேல் பழி வேண்டாம். செலவில்லாததிலிருந்து வரிசையாகப் பாருங்கள்.

முதலில் ரோலரின் மேல் விரலை ஓட்டுங்கள், மெஷின் நின்ற பிறகுதான். ஃப்யூசிங் மெஷினில் கேன்வாஸ் பசை, ஸ்ரிங்க் டன்னலில் உருகிய ஃபிலிம், சப்பாத்தி லைனில் மாவு என எதாவது ஒட்டிக் காய்ந்து மேடாக இருக்கும். பெல்ட் அந்த மேட்டைப் பார்த்து நகரும். ஆயுதபூஜை முடிந்த மறுநாள் வரும் புகார்களில் இது தவறாமல் உண்டு: ரோலரின் ஒரு முனையில் அப்பிய சந்தனம் சூட்டில் காய்ந்து கல்லாகியிருக்கும். பொட்டு வைக்க ஃபிரேம் இருக்கிறது, மோட்டார் கவர் இருக்கிறது. ரோலரையும் பெல்ட்டையும் விட்டுவிடலாம். குங்குமம் பெல்ட்டில் பட்டால் அடுத்த லாட் வெள்ளைச் சட்டையில் தெரியும்.

தானியங்கி டிராக்கிங் உள்ள மெஷினில், ஓரத்தைப் பார்க்கும் சென்சாரைத் துடையுங்கள். கார்மென்ட் ஷெட்டில் பஞ்சுத் தூசி படிந்தால் கண் மறைந்துவிடும். காற்றில் இயங்கும் சிலிண்டராக இருந்தால் ஏர் பிரஷரையும் பாருங்கள். இந்த இரண்டையும் பார்க்காமல் போல்ட்டைத் தொட்டால், நல்ல செட்டிங் கெட்டு இரண்டு பழுதாகும்.

அடுத்து பேரிங் பிளாக்கின் போல்ட்டும், ஷாஃப்ட்டைப் பிடிக்கும் கிரப் ஸ்குரூவும் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு அளவு. இரண்டு கடைசி ரோலர்களின் மையத்திலிருந்து மையம் வரை இடது பக்கமும் வலது பக்கமும் ஸ்டீல் டேப்பில் அளங்கள்; வித்தியாசம் 1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இது மட்டும் போதாது. இரண்டு ரோலரும் ஒரே கோணத்தில் சாய்ந்திருந்தாலும் இந்த அளவு சரியாகவே வரும். மூலைவிட்டம் இரண்டையும் அளந்தால்தான் அது பிடிபடும். கடைசியாக ஒவ்வொரு ரோலரின் மேலும் ரசமட்டம். ஷெட் தரை இறங்கி மெஷினின் ஒரு கால் தொங்குவது அரிதல்ல.

எல்லாம் சரியாக இருந்து சின்ன விலகல் மட்டும் மிச்சம் என்றால் இப்போது டேக்-அப். நேரான உருளையில் பெல்ட் தளர்ந்த பக்கம் நோக்கிப் போகும். ஆகவே எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கப் போல்ட்டை இறுக்குங்கள். இல்லையென்றால் எதிர்ப் பக்கத்தைத் தளர்த்துங்கள். நம் பெல்ட்டுக்கு இரண்டாவதுதான் நல்லது. ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும். எம்16 போல்ட்டில் கால் சுற்று 0.5 மி.மீ., எம்12-இல் 0.44 மி.மீ. பார்வைக்குச் சின்ன அளவு, பெல்ட்டுக்குப் பெரிது. திருப்பிவிட்டு ஐந்து முழுச் சுற்று காத்திருங்கள். இரண்டு சுற்றில் பொறுமை இழந்து இன்னொரு கால் திருகினால், பத்து நிமிடத்தில் பெல்ட் மறு ஓரத்தில் உரசும்.

இதற்கு மேல் ரோலரின் உருவம். வெர்னியரால் இடது, நடு, வலது மூன்று இடத்திலும் விட்டம் எடுங்கள். 0.3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் லேத்துக்குப் போக வேண்டும். ரோலரைக் கையால் சுற்றும்போது தள்ளாடினால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. இங்கே ஆளைக் கூப்பிடுங்கள். சுத்தியலால் நிமிர்த்திய ஷாஃப்ட் மறு வாரமே திரும்பி வரும். லேத்காரர் "நடுவில் கொஞ்சம் வயிறு வைத்துத் தரட்டுமா, பெல்ட் தானே நடுவில் நிற்கும்" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நீளாத துணிக்கு வயிறு வைத்த ரோலர் ஒத்துவராது. இழுவை முழுவதும் நடு நூல்கள் மேல் விழும், ஓரங்கள் தொளதொளக்கும்.

*1ஆ. பெல்ட்டின் ஒரே துண்டு எங்கே போனாலும் விலகுகிறது*

பெரும்பாலும் அந்தத் துண்டு ஜாயின்ட்டாகத்தான் இருக்கும். வெட்டு நேராக இல்லை. கழற்றாமலே உறுதி செய்யலாம். ஜாயின்ட்டை மேல்புறச் சமதளத்துக்குக் கொண்டுவந்து, அதற்கு முன் 1 மீட்டர், பின் 1 மீட்டர் எனப் பெல்ட் ஓரத்தை ஒட்டி நூலை விறைப்பாகப் பிடியுங்கள். நேரான ஜாயின்ட்டில் நூலும் ஓரமும் ஒட்டி நிற்கும். ஜாயின்ட்டுக்கு நேரே 1 மி.மீ. இடைவெளி தெரிந்தால், 1000 மி.மீ. அகலப் பெல்ட்டில் வெட்டு 2 மி.மீ. சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இதை எந்த ரோலரும் சரிசெய்யாது. ஒவ்வொரு சுற்றிலும் போய்விட்டு வரும். சரியான மருந்து ஜாயின்ட்டை வெட்டிப் புதிதாகப் போடுவதுதான். ஆனால் ஆடும் தூரம் 5 மி.மீ.க்குள், ஓரம் எங்கும் உரசவில்லை என்றால் அப்படியே ஓட்டுங்கள். அழகுக்காக ஜாயின்ட்டை வெட்டாதீர்கள். ஒவ்வொரு வெட்டும் பெல்ட்டின் நீளத்தைத் தின்னும்.

*1இ. ஆறியிருக்கும்போது நேராக ஓடுகிறது, சூடானதும் விலகுகிறது*

டென்ஷனைக் குளிரில் வைத்திருக்கிறீர்கள். 4 மீட்டர் இரும்பு ஃபிரேம் 100 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 5 மி.மீ. நீளும். கண்ணாடி நூல் அதில் பாதிகூட நீளாது. மிச்சம் முழுவதும் பெல்ட்டின் மேல் இழுவையாக ஏறும். ஃபிரேமின் ஒரு பக்கம் மட்டும் அதிகம் சூடாகும் மெஷினில் ரோலரும் கோணல் ஆகும். காலையில் தளர்வாக விட்டு, வேலைச் சூட்டில் அரைமணி ஓட்டிய பிறகு கடைசிச் சரிசெய்தலைப் பண்ணுங்கள். ஷிப்ட் முடிந்ததும் இரண்டு பக்கமும் ஒரே அளவு தளர்த்திவிடுவது இன்னும் நல்லது. எத்தனை சுற்று தளர்த்தினீர்கள் என்று ஃபிரேமிலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள்.

*1ஈ. சரக்கு ஏற்றினால் மட்டும் விலகுகிறது*

சரக்கை நடுவில் வையுங்கள். அவ்வளவுதான்.

அறிகுறி 2: ஜாயின்ட் விடுகிறது

முதலில் எந்த வகை ஜாயின்ட் என்று பாருங்கள். வகைக்கு வகை விடும் விதம் வேறு. விட்ட முனையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், காரணம் அதில்தான் எழுதியிருக்கும்.

*2அ. அலிகேட்டர் கிளிப்*

வரிசையாகக் கொக்கிகள், நடுவே ஒரு பின். மெஷினிலேயே கழற்றி மாட்டலாம் என்பதால் நம்மூரில் அதிகம் புழங்குவது.

பின் மட்டும் வெளியே வந்திருந்தால் முனை பூட்டப்படவில்லை. புதுப் பின்னைப் பெல்ட் அகலத்தைவிட இரு பக்கமும் 3 முதல் 5 மி.மீ. குறைவாக வெட்டி, முனையை மடக்கிக் கொக்கிக்குள் செருகுங்கள். வெளியே நீட்டிய பின் ஓவன் சுவரைக் கீறும், பிறகு பெல்ட்டையே கிழிக்கும். பழைய பின்னையும் பாருங்கள்: கொக்கி பட்ட இடமெல்லாம் பாதி தேய்ந்து இடுப்பு விழுந்திருந்தால் டென்ஷன் அதிகம். பின்னை மாற்றும் கையோடு டேக்-அப்பையும் தளர்த்துங்கள்.

கொக்கிகள் துணியோடு பிய்ந்து வந்திருந்தால், முனைக்கு வலுத்துணி வைக்காமல் கிளிப் அடித்திருக்கிறார்கள். தனித் துணியில் கொக்கி நூலைப் பிளந்துகொண்டு நழுவும். முனையை மடித்து இரட்டையாக்கி அழுத்தி ஒட்டிய பின்தான் கிளிப் ஏற வேண்டும்.

கொக்கியின் வளைவே உடைந்திருந்தால் பெரும்பாலும் ரோலர் சின்னது, கிளிப் பெரிது. வளையாத இரும்பு ஒவ்வொரு சுற்றிலும் ரோலர் மேல் மேடாக நின்று ஒடிகிறது. ஒரு நம்பர் சின்ன கிளிப்புக்கு மாறுங்கள், அல்லது கீழே வரும் சுருள் ஜாயின்ட்டுக்கு. துருப்பிடித்து உடைந்திருந்தால் எஸ்.எஸ்.316 (துருப்பிடிக்காத எஃகு) கிளிப் கேளுங்கள். எண்ணூர், மணலி பக்கம் கடல்காற்றில் சாதா இரும்புக் கிளிப் நிலைக்காது.

*2ஆ. சுருள் ஜாயின்ட்*

மடித்த முனைக்குள் ஸ்பைரல் கம்பி தைத்து, இரண்டு சுருளையும் கோத்து நடுவே பின் ஓட்டுவது. பீக் எனும் சூடு தாங்கும் பிளாஸ்டிக் சுருளில் சரக்கின் மேல் தடம் குறைவாக விழும். மெஷ் பெல்ட்டுக்கும் பிரின்ட் ஓவனுக்கும் ஏற்றது.

பெரும்பாலும் சுருள் நன்றாகவே இருக்கும், அதைப் பிடிக்கும் தையல்தான் விட்டிருக்கும். ஓரத்தில் இரண்டு மூன்று அங்குலம் மட்டும் பிரிந்திருந்தால், டெஃப்லான் பூசிய கெவ்லார் அல்லது கண்ணாடி நூலால் கையாலேயே தைத்துவிடலாம். தையல்கடை பாலியஸ்டர் நூல் ஆகாது, ஓவன் சூட்டைத் தாங்காது. சுருளின் கண்கள் நசுங்கியிருந்தால் ஏதோ ஒன்று இடிக்கிறது: ஸ்கிரேப்பர் (பெல்ட்டை வழித்துச் சுத்தம் செய்யும் பட்டை), நுழைவாயில் தகடு, எங்காவது நீட்டிய போல்ட். அதைக் கண்டுபிடிக்காமல் புதுச் சுருள் போடாதீர்கள்.

பின் கோக்கும்போது இரண்டு சுருளும் ஒன்றுக்குள் ஒன்று முழுதாக இறங்க வேண்டும். முதலில் மெல்லிய ஸ்டீல் கம்பியை ஓட்டி, அதன் வாலில் உண்மையான பின்னைக் கட்டி இழுத்தால் ஒரு மீட்டர் அகலத்தையும் ஒரே மூச்சில் கடந்துவிடலாம். ஒரு பக்கச் சுருள் ஒரு கண் முன்னே பின்னே போனால், நேராக வெட்டிய பெல்ட்டும் கோணலாகி அறிகுறி 1ஆ பிறக்கும். பின் போட்ட பிறகு நான்கு மூலைகளையும் 5 மி.மீ. சாய்த்து வெட்டிவிடுங்கள். கூர் மூலைதான் முதலில் மாட்டும்.

*2இ. மேல்படிந்த ஜாயின்ட்*

இரண்டு முனையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நடுவே பி.எஃப்.ஏ. அல்லது எஃப்.இ.பி. ஃபிலிம் (டெஃப்லான் இனத்தைச் சேர்ந்த, உருகி ஒட்டும் பிளாஸ்டிக் தாள்) கொடுத்து ஹாட் பிரஸ்ஸில் உருக்கி ஒட்டுவது. தடம் குறைவு, இடைவெளி இல்லை. மெஷினைப் பிரிக்காமல் மாட்ட முடியாது என்பது இதன் குறை.

பிரிந்த இரண்டு முகத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள்.

- இரண்டு முகமும் வழவழவென்று, ஒன்றில் மட்டும் ஃபிலிம் முழுதாக ஒட்டியிருக்கிறது: சூடு போதவில்லை, அல்லது எண்ணெய்க் கை பட்டிருக்கிறது. திரும்ப ஒட்டலாம்.
- டெஃப்லான் உரிந்து கண்ணாடித் துணி தெரிகிறது: பிரஸ்ஸில் கருக்கியிருக்கிறார்கள், அல்லது பெல்ட் வயசாகிவிட்டது. அந்த முனையை வெட்டிப் போட வேண்டும்.
- ஒட்டு அப்படியே இருக்கிறது, ஒட்டுக்குப் பக்கத்தில் துணி அறுந்திருக்கிறது: ஒட்டின் மேல் குற்றமில்லை. இரட்டைத் தடிமன் ஒற்றைத் தடிமனைச் சந்திக்கும் கோட்டில் துணி மடங்கி மடங்கி ஒடிந்திருக்கிறது. டென்ஷன் அதிகம், இல்லை ரோலர் சின்னது.
- ஓவனுக்குள் மட்டும், ஓரத்திலிருந்து மெல்ல வாய் திறக்கிறது: எந்த ஃபிலிம் என்று கேளுங்கள். எஃப்.இ.பி. சுமார் 260 டிகிரியில் உருகும்; 200-க்கு மேல் ஓடும் ஓவனில் அதை நம்பக் கூடாது. பி.எஃப்.ஏ. உருகுவது 305 டிகிரிக்கு அருகில், அதைக் கேட்டு வாங்குங்கள்.

இஸ்திரிப்பெட்டியால் ஒட்டிப் பார்க்கும் முயற்சி எல்லா ஷெட்டிலும் ஒரு தடவையாவது நடக்கும். இஸ்திரிப்பெட்டி 200 டிகிரியைத் தாண்டுவதே சிரமம், பி.எஃப்.ஏ.க்கு 340-க்கு மேல் வேண்டும். கேஸ் டார்ச்சால் அந்தச் சூட்டைக் கொடுக்கலாம், ஆனால் நிறுத்தத் தெரியாது, வருவது விஷப்புகை. ஹாட் பிரஸ் வேலை ஆள் கூப்பிட வேண்டிய வேலை. அவர் வரும்போது நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: சூடு கொடுத்து முடிந்ததும் பிரஸ்ஸை உடனே திறக்கக் கூடாது. அழுத்தத்திலேயே ஆற வேண்டும். அவசரத்தில் திறந்த ஒட்டு பார்வைக்கு நன்றாக இருக்கும், இழுவையில் விட்டுவிடும்.

இன்னொன்று, மேல்படிவின் திசை. பெல்ட் ஓடும் திசையில் முன்னால் போகும் முனை மேலே இருந்தால், மேற்புற விளிம்பு பின்நோக்கி நிற்கும். ஸ்கிரேப்பர் அதைத் தடவிக்கொண்டு இறங்கிவிடும். ஆனால் அப்போது அடிப்புற விளிம்பு முன்நோக்கி நிற்கும், பெல்ட் தகட்டின் மேல் சறுக்கும் மெஷினாக இருந்தால் அங்கே இடிக்கும். மேலே ஸ்கிரேப்பர் இருந்தால் முதல் முறை. ஸ்கிரேப்பர் இல்லாமல் அடியில் தகடு இருந்தால் தலைகீழ். இரண்டும் இருந்தால் மேல்படிந்த ஜாயின்ட்டே வேண்டாம். ஜிக்-ஜாக்காக வெட்டி முனைக்கு முனை ஒட்டும் ஜாயின்ட்டோ, தையலே இல்லாத வளைய பெல்ட்டோ கேளுங்கள். ஃப்யூசிங் மெஷின்களில் தையலில்லாத பெல்ட் வருவது இதற்காகத்தான். மாட்டும் முன் பெல்ட்டின் உள்பக்கத்தில் ஓடும் திசைக்கு ஒரு அம்புக்குறி போடுங்கள். திருப்பி மாட்டிய பெல்ட்டில் இந்தக் கணக்கெல்லாம் கவிழ்ந்துவிடும்.

*அவசரத்துக்கு:* ஷிப்ட்டை முடித்தே ஆக வேண்டும் என்றால், சிலிக்கான் பசையுள்ள டெஃப்லான் டேப்பை விட்ட இடத்தில் மேலும் கீழும் ஒட்டி, வேகத்தைக் குறைத்து, டென்ஷனைத் தளர்த்தி ஓட்டலாம். துடைத்த பரப்பில்தான் டேப் பிடிக்கும். ஓட்டை அடைக்கத்தான் டேப் உதவும், இழுவை தாங்க உதவாது. மறுநாள் காலை "அதான் ஓடுதே" என்று விட்டால், அது அறுவது ஓவனின் நடுவில்தான்.

அறிகுறி 3: பெல்ட் நின்றுவிடுகிறது, அல்லது விட்டு விட்டு ஓடுகிறது

டிரைவ் ரோலரின் (மோட்டார் சுற்றும் ரோலர்) முனையில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுப் பாருங்கள்.

ரோலரும் நிற்கிறது என்றால் பெல்ட் சம்பந்தப்படவே இல்லை. செயின், ஸ்ப்ராக்கெட்டை ஷாஃப்ட்டோடு பூட்டும் சாவி, கப்ளிங், கியர்பாக்ஸ் என்று வரிசையாகப் போங்கள்.

ரோலர் சுற்றுகிறது, பெல்ட் நிற்கிறது என்றால், முதலில் அடியில் எது பிடிக்கிறது என்று பாருங்கள். தகட்டில் ஒட்டிய பசை, உறைந்த எண்ணெய், சுற்றாத ரிட்டர்ன் ரோலர். பிறகு டிரைவ் ரோலரின் சிலிக்கான் ரப்பர் உறை: டெஃப்லான் வழுக்கும் பொருள், அதை இழுக்கும் பிடி இந்த ரப்பரில்தான் இருக்கிறது. கையால் தேய்த்தால் கண்ணாடி போல் பளபளப்பாக இருந்தால் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். பல நேரம் அதுவே போதும். வெடித்திருந்தால் மறு உறை போட ரோலரைக் கழற்றி அனுப்ப வேண்டும். ராளத்தூள் தூவுவது, ரப்பர் பெல்ட்டுக்கான டிரெஸ்ஸிங் தடவுவது வேண்டாம். அது டன்னலுக்குள் போய்க் கருகி, அடுத்த அறிகுறியைக் கொண்டுவரும்.

இதற்கெல்லாம் பிறகும் வழுக்கினால்தான் டென்ஷன். வழுக்காமல் நிற்கும் குறைந்தபட்ச இறுக்கம் எதுவோ அதில் நிறுத்துங்கள்.

அறிகுறி 4: சரக்கு ஒட்டுகிறது, கறை போகவில்லை

மேலே படிந்த அழுக்கா, டெஃப்லானே தேய்ந்துவிட்டதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால், பெல்ட் ஆறிய பின், ஓர் அடி இடத்தைத் துடையுங்கள். அந்த இடத்தில் ஒட்டுவது நின்றால் அழுக்குதான். முழுப் பெல்ட்டையும் அப்படியே துடைத்துவிடலாம். ஹீட்டர் சூடாக இருக்கும்போது ஆல்கஹால் பாட்டிலை அருகில் கொண்டுபோக வேண்டாம். கெட்டிப் பசையைப் பெல்ட் வெதுவெதுப்பாக இருக்கும்போது மரச் சட்டுவத்தால் தள்ளினால் சுருண்டு வரும். கம்பி பிரஷ், பிளேடு, எமரித்தாள் மூன்றும் கூடாது. ஒரே தேய்ப்பில் டெஃப்லான் போய் நூல் வெளியே வரும்.

துடைத்த பிறகும் ஒட்டுகிறது, நகத்தால் தடவினால் துணியின் நெசவு தட்டுகிறது என்றால் பெல்ட் முடிந்தது. ஃப்யூசிங் மெஷினில் இதற்கு வழக்கமான காரணம், கத்தி போல் கூராகிவிட்ட ஸ்கிரேப்பர். புதுப் பெல்ட்டுக்கு முன் ஸ்கிரேப்பர் விளிம்பையும் மாற்றுங்கள். உணவு லைனில் நூல் தெரிந்த அன்றே பெல்ட்டை நிறுத்துங்கள். மிச்ச மாவை முடித்துவிட்டு நிறுத்தலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை, கண்ணாடி இழை சப்பாத்தியில் போகும்.

அறிகுறி 5: ஓரம் பிய்கிறது, நடுவில் சுருக்கம் விழுகிறது

ஓரம் பிய்ந்தால் 90 சதவீதம் பதில் அறிகுறி 1-இல் இருக்கிறது. விலகலைச் சரிசெய்துவிட்டு, தொங்கும் நூலைக் கத்தரியால் வெட்டுங்கள். இழுக்காதீர்கள், இழுத்தால் குறுக்கே முழுக்க உருவி வரும். மெஷ் பெல்ட்டில் ஓர வலுத்துணி பிரிந்திருந்தால், 2ஆ-வில் சொன்ன அதே நூலால் தைக்கலாம்.

சுருக்கம் வேறு விஷயம். மடிந்த இடத்தில் கண்ணாடி நூல் உள்ளேயே ஒடிந்திருக்கும். தேய்த்து நேராக்கினாலும் அங்கேதான் ஒரு நாள் கிழியும். வழக்கமாக இது மெஷினில் நடப்பதில்லை, வரும் வழியில் நடக்கிறது. பாரிமுனையில் வாங்கிய பெல்ட்டை வேட்டி மாதிரி நாலாக மடித்து டூவீலர் முன்னால் வைத்துக் கொண்டுவந்தால் மூன்று கோடு நிச்சயம். 75 மி.மீ.க்குக் குறையாத பைப்பிலோ அட்டைக் குழாயிலோ சுற்றித்தான் எடுத்து வர வேண்டும், வைக்கவும் வேண்டும்.

அறிகுறி 6: புகை, காரமான நெடி

இதில் மட்டும் சோதனை பிறகு. ஹீட்டரை அணைத்து, எக்ஸாஸ்ட்டை ஓடவிட்டு, ஆட்களை வெளியே அனுப்புங்கள். இந்தப் பெல்ட் தொடர்ந்து தாங்குவது 260 டிகிரி வரை. 327-இல் டெஃப்லான் உருகும், அதற்கும் மேலே சிதைந்து நச்சு வாயு வரும். சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர், காய்ச்சல், மார்பு இறுக்கம் வரலாம். ஃப்ளூ என்று நினைத்துப் படுத்துவிடாமல் டாக்டரிடம் என்ன நடந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். பெல்ட் தூசி படிந்த கையோடு பீடி, சிகரெட் பிடிப்பதும் இதே வழிதான். வெட்டிய துண்டுகளைக் குப்பையோடு போட்டுக் கொளுத்தவே கூடாது.

ஆறிய பிறகு தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் சென்சார்) தன் துளையை விட்டு வெளியே தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கினால் அது வெளிக்காற்றை அளந்துகொண்டு, "இன்னும் சூடு வேண்டும்" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கும். அது சரியாக இருந்தால், கன்ட்ரோலரில் செட்டிங்கை அடியோடு குறைத்துவிட்டு, ஹீட்டர் ஒயரில் கிளாம்ப் மீட்டர் மாட்டச் சொல்லுங்கள். அப்போதும் கரன்ட் ஓடினால் எஸ்.எஸ்.ஆர். (ஹீட்டரை ஆன்-ஆஃப் செய்யும் எலெக்ட்ரானிக் ஸ்விட்ச்) ஷார்ட் ஆகியிருக்கிறது, அல்லது கான்டாக்டர் (காந்தத்தில் இயங்கும் ஸ்விட்ச்) ஒட்டிக்கொண்டது. இது எலெக்ட்ரீஷியன் வேலை. கையோடு தனியாக ஓர் ஓவர்-டெம்ப் கட்-ஆஃப் வைக்கச் சொல்லுங்கள். இன்ஃப்ராரெட் கன்னால் பெல்ட் சூட்டைப் பார்ப்பவர்கள் கவனிக்க: மெஷ் பெல்ட்டில் அது கண் வழியாகப் பின்னால் உள்ள தகட்டையும் சேர்த்து அளக்கும், பளபள ரோலரில் குறைத்துக் காட்டும்.

கோளாறே இல்லாமலும் பெல்ட் கருகும் ஒரு நேரம் உண்டு: ஓவன் முழுச் சூட்டில் இருக்கும்போது கரன்ட் போவது. ஹீட்டர் செங்கல் போலச் சூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும், பெல்ட் அதற்கு நேரே அசையாமல் நிற்கும். ஹூட்டைத் திறந்துவிட்டு, டிரைவ் ஷாஃப்ட்டில் கைப்பிடி மாட்டிச் சுற்றுங்கள். கைப்பிடி இல்லாத மெஷினுக்கு பெல்ட் மோட்டாரை மட்டுமாவது ஜெனரேட்டர் லைனில் போட்டு வையுங்கள்.

அறிகுறி 7: தொட்டால் சுருக்கென்று ஷாக்

நிலைமின்சாரம். முதலில் எர்த்திங், பெயின்ட் அடித்த இடத்தில் எர்த் ஒயரை மாட்டியிருப்பார்கள். அது சரியாக இருந்தும் மெல்லிய ஃபிலிம் பெல்ட்டை விட்டு வராமல் ஒட்டினால், அடுத்த தடவை பழுப்புக்குப் பதில் கார்பன் கலந்த கறுப்பு ஆன்டி-ஸ்டேட்டிக் பெல்ட் வாங்குங்கள். எர்த் ஒயரைக் கழற்றி மாட்டிய பிறகும் ஷாக் கடுமையாக இருந்தால் அது நிலைமின்சாரமாக இல்லாமல் ஹீட்டர் கசிவாக இருக்கலாம். மெஷினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பெல்ட் இனி ஓடாது என்று முடிவானால்

பழைய பெல்ட்டின் நீளத்தை அளந்து அதையே சொல்லாதீர்கள். முன்பு யாரோ இரண்டு தடவை வெட்டி ஒட்டியிருக்கலாம். டேக்-அப்பை முழுக்கத் தளர்த்தி, பிறகு அதன் மொத்த ஓட்டத்தில் கால்வாசி இறுக்கி, ரோலர்களைச் சுற்றி ஸ்டீல் டேப்பை ஓட்டி அளங்கள். இடது ஓரத்தில் ஒரு தடவை, வலது ஓரத்தில் ஒரு தடவை. இரண்டும் ஒன்றாக வராவிட்டால் பெல்ட் வாங்கும் முன் ஃபிரேமைப் பாருங்கள். சொல்ல வேண்டியது வளைய நீளம். மேல்படிவுக்கு எவ்வளவு சேர்ப்பது என்பது ஒட்டுபவர் கணக்கு. நீங்களும் சேர்த்து அவரும் சேர்த்தால் பெல்ட் தொங்கும்.

அதோடு அகலம், தடிமன், மெஷ் என்றால் கண் அளவு, ஓடும் சூடு, மிகச் சின்ன ரோலரின் விட்டம், ஜாயின்ட் வகை, ஸ்கிரேப்பர் உண்டா இல்லையா, உணவு படுமா. தடிமனை வெர்னியரால் அளப்பதானால் பெல்ட்டின் தேயாத ஓரத்தில் அளங்கள். கடைக்காரர் "தடிச்சதா போடுங்க, ரொம்ப நாள் வரும்" என்பார். சின்ன ரோலரில் தடித்த பெல்ட் சீக்கிரம் ஒடியும்.

சுருள் அல்லது கிளிப் ஜாயின்ட் என்றால் முனைகளைக் கடையிலேயே போட்டு வாங்குங்கள். நீங்களே வெட்ட வேண்டி வந்தால் ஓரத்தை நம்பி மூலைமட்டம் வைக்காதீர்கள், ஓரம் வளைந்திருக்கலாம். ஒன்றரை மீட்டருக்குள் ஐந்து இடத்தில் அகலத்தின் நடுப்புள்ளியைக் குறித்து நேர்கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு 300, 400, 500 மி.மீ. கணக்கில் செங்குத்து எடுத்து வெட்டுங்கள். மெஷ் பெல்ட்டில் குறுக்கு நூலைப் பிடித்துக்கொண்டே வெட்டுவது சுலபம் என்று தோன்றும். நெசவே சாய்ந்திருக்கும் ரோல்கள் உண்டு, ஆகவே அங்கும் இந்தக் கோட்டை ஒரு தடவை போட்டுச் சரிபாருங்கள்.

புதுப் பெல்ட்டை மாட்டியதும் முதல் அரைமணி சூடில்லாமல், சரக்கில்லாமல் ஓட்டுங்கள். அடுத்த அரைமணி சூட்டோடு. ஜாயின்ட் ஒவ்வொரு ரோலரையும் கடக்கும்போது டக் என்று சத்தம் வந்தால் நிறுத்தி, மூலைகளையும் பின் முனைகளையும் பாருங்கள்.